ஆறு நாளைக்கு ஒருமுறை

பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பதில்லை என்பது என் கொள்கை. அதை எத்தனை பேரிடம் எவ்வளவு பெருமையாகச் சொல்லித் திரிந்தேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண்ணின் உயிர் என்னுடைய ஒரு போன் அழைப்பில் இருந்தது. நான் அழைக்கவில்லை. மறந்துபோய் அல்ல. ஒரு மணி நேரம் வாதாடி, ஜெயித்து, அழைக்காமல் இருந்தேன்.

என் பெயர் சூசன். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நடத்தை வழிகாட்டியாக இருக்கிறேன். ஆசிரியரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நியமித்த ஆள். வகுப்பில் நாற்காலி பறந்தால், யாராவது யாரையாவது அடித்தால், அந்தப் பிள்ளையை என் அறைக்கு அனுப்புவார்கள். நான் உட்காரவைத்து, மைலோ கலந்து கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்பேன். பிறகு நோட்டில் எழுதுவேன்: நாள், நேரம், பாடம், பக்கத்தில் யார், அதற்கு முன்னால் என்ன. எழுதிக்கொண்டே வந்தால் காரணம் தானாக வெளியே வரும் என்பது பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பாடம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். ரயிலில் அந்த நோட்டைத்தான் புரட்டுவேன்.

கட்டொழுங்கு ஆசிரியர் வேலாயுதம் சாருக்கு என் முறை பிடிக்காது. எனக்கு மைலோ டீச்சர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். "பெத்தவங்க வந்து தலகுனிஞ்சு நின்னாத்தான் இதுங்களுக்கு உறைக்கும்" என்பார். அந்தத் தலைகுனிவுதான் எனக்கு ஆகாது. பதினான்கு வயதில், நான் படிவம் இரண்டில் படித்தபோது பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டேன். அம்மா ரயில்வே அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். வேலை உடுப்போடு, பினாயில் வாசத்தோடு வந்து தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை, பேசவும் இல்லை. எந்தத் தாயையும் அப்படி நிறுத்தக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதானா என்று அதன் பிறகு ஒருநாளும் நான் யோசித்துப் பார்த்ததில்லை.

விஷ்ணுப்ரியா படிவம் நான்கு, பதினாறு வயது. பண்டமாரான் பகுதிப் பிள்ளை. இரட்டைப் பின்னல், வெள்ளைக் காலணியில் ஒரு கறை இருக்காது, கணக்கில் வகுப்பிலேயே முதல். அப்படிப்பட்ட பெண் ஒரு வியாழக்கிழமை காலை அறிவியல் ஆசிரியையின் மேசையில் ஒரு புட்டி மையைக் கொட்டினாள். அடுத்த வாரம் புதன்கிழமை, சபைகூடலில் வரிசையைவிட்டு வெளியே வந்து துணை முதல்வர் பேசிக்கொண்டிருந்த மைக்கின் வயரைப் பிடுங்கினாள். அதற்கடுத்த செவ்வாய், தோழியின் புத்தகப்பையை இரண்டாம் மாடியிலிருந்து வீசினாள். அதற்கும் அடுத்த திங்கள், வேலாயுதம் சாரைப் பார்த்து நான் இங்கே எழுதமுடியாத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

பிள்ளைகள் கோபத்தில் கத்தும், அழும், கை நடுங்கும். இவளிடம் அது ஒன்றும் இல்லை. செய்து முடித்துவிட்டு கையைக் கட்டி நிற்பாள். "அம்மாவ கூப்பிடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்பாள். பதினைந்து ஆண்டில் எத்தனையோ முரட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

நான்கு முறையும் வேலாயுதம் சார் அம்மாவை அழைத்தார். நான்கு முறையும் அந்த அம்மாள் இருபது நிமிடத்துக்குள் வந்து இறங்கினார். பெயர் உஷாராணி. பெயரைக் கேட்டால் பெரிய உருவமாகத் தோன்றும். நேரில் மெலிந்து, என் தோள் உயரம்கூட வராது. தேய்த்த பச்சைப் பஞ்சாபி உடை, வாரிக் கட்டிய கூந்தல், நெற்றியில் பொட்டு, தோளில் கனமான கைப்பை. கையெழுத்துப் போட பேனா எடுக்கும்போது உள்ளே பார்த்தேன். பிறப்புப் பத்திரங்கள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஒரு சின்ன நகைப் பெட்டியும் இருந்தது. ‘பிள்ளை இப்படி ஆடுகிறது, இவர் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல வந்து நிற்கிறாரே’ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. கண்டிப்பு முடிந்த பிறகும் அந்த அம்மாள் போகமாட்டார். காவலாளி உட்காரும் ஜாகா கொட்டகைக்குப் பக்கத்திலுள்ள பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். சிற்றுண்டிச்சாலையில் ஒரு பன்னும் தேநீரும் வாங்கி, மெதுவாகச் சாப்பிடுவார். இரண்டரை மணிக்குப் பள்ளி விட்டதும் மகளோடுதான் கிளம்புவார். ஒருமுறை நானே போய், "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா, பிள்ளைய நாங்க பாத்துக்குவோம்" என்றேன்.

"பரவால்ல டீச்சர். இங்க காத்து நல்லா இருக்கு" என்று சிரித்தார்.

கிள்ளானில் மார்ச் மாத வெயிலில் என்ன காற்று? வெட்கமில்லாத பெண்மணி என்று தீர்மானித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

அதற்குள் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் போய்விட்டன. எங்கள் பள்ளியில் கணக்கு எளிது. பெற்றோரை அழைத்தால் அது பதிவேட்டில் ஏறும். இரண்டு பதிவுக்கு ஒரு கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் பள்ளியிலிருந்து நீக்கம். அதன் பிறகுதான் வழக்கு என்னிடம் வந்தது. தினமும் அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன். பதினெட்டு நாள் ஒரு சின்னப் புகார்கூட இல்லை. பார்த்தீர்களா என்று வேலாயுதம் சாரிடம் சீண்டினேன். "பொறுங்க சூசன்" என்றார். பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்துக்கு, கழிப்பறைக் குழாயை உடைத்து தாழ்வாரம் முழுக்க வெள்ளம் விட்டாள்.

அம்மா வந்தார். பச்சை உடை, கைப்பை, பெஞ்ச், பன். பதிவு ஐந்து ஆயிற்று. இன்னும் ஒன்று ஏறினால் மூன்றாவது கடிதம்.

நான் நேரே முதல்வரிடம் போனேன். இனி இந்தப் பெண்ணை முழுக்க என்னிடம் விடுங்கள், எது நடந்தாலும் வீட்டுக்கு அழைப்பு வேண்டாம், பதிவு வேண்டாம், மூன்று மாதத்தில் ஆளை மாற்றிக் காட்டுகிறேன் என்றேன். அவர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். சந்தோஷத்தில் விஷ்ணுப்ரியாவை அறைக்கு வரச்சொன்னேன்.

"இனிமே உங்கம்மாவ கூப்பிட மாட்டோம் ப்ரியா. நீ என்ன செஞ்சாலும் சரி. எனக்கும் உனக்கும் மட்டும்தான். உங்கம்மா இங்க வந்து அவமானப்பட வேணாம். சரியா?"

அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நான் நினைத்தேன். தோளில் தட்டிக்கொடுத்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு, பக்கத்தில் இருந்த பெண்ணின் வரலாற்றுப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்தாள். என்னிடம் அழைத்து வந்தார்கள். மைலோ கலந்தேன். அவள் தொடவில்லை. என் மேசையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடலயா டீச்சர்?"

"சொன்னேன்ல? கூப்பிட மாட்டேன்."

"புத்தகம் முப்பது வெள்ளி டீச்சர். அம்மாதான் கட்டணும். கூப்பிடுங்க."

"நான் வாங்கித் தரேன்."

எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். ஒன்பது மணிக்கு, பத்து மணிக்கு, பதினொரு மணிக்கு. பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிள்ளை குற்ற உணர்ச்சியில் துடிக்கிறது, இதுதான் மாற்றத்தின் முதல் படி என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. திங்கள்கிழமையும் வரவில்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். விரைவில் நலமடைய வாழ்த்துகள் என்று ரோஜாப்பூ போட்ட ஒரு படத்தை அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். அன்று ஒரு வம்பும் இல்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, நான் அப்போதுதான் ரயிலிலிருந்து இறங்கி வந்து அறைக் கதவைத் திறந்திருந்தேன், அவள் தானாகவே உள்ளே வந்தாள். வணக்கம் சொன்னாள். நாற்காலியைத் தூக்கி என் அறையின் சன்னல் கண்ணாடியில் அடித்தாள். மூன்று முறை. கண்ணாடிச் சில்லு அவள் கையைக் கிழித்து, வெள்ளைச் சட்டைக்கையில் ரத்தம் இறங்கியது. அதை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்ப கூப்பிட்டுத்தான் ஆகணும்" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த நேரத்திலும் நான் பயந்தது அவளுக்காக அல்ல, அவளைப் பார்த்து. தாதி அறையில் கட்டுப் போட்டு உட்காரவைத்தோம். துணை முதல்வர், வேலாயுதம் சார், நான், மூவரும் முதல்வர் அறையில் கூடினோம். "அம்மாவ வரச்சொல்லுங்க, லெட்டர கொடுங்க, முடிச்சிருங்க லா" என்றார் துணை முதல்வர். நான் விடவில்லை. அழைத்தால் பதிவு ஆறு, மூன்றாவது கடிதம், ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் படிப்பு இன்றோடு போச்சு என்றேன். கண்ணாடிக்கு நான் பொறுப்பு என்றேன். என் அம்மா கதையைக்கூடச் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வர. ஒன்பது மணிக்குத் தொடங்கி பத்து மணி தாண்டிப் பேசினேன். கடைசியில் முதல்வர் கையை விரித்து, "சரி, கூப்பிட வேணாம்" என்றார். வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தாதி அறைக்குப் போய்ச் சொன்னேன். "கூப்பிடல ப்ரியா. உன்ன காப்பாத்திட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையால், வலிக்க வலிக்கப் பிடித்தாள். "டீச்சர், ப்ளீஸ். ஏன்னு கேக்காதீங்க. கூப்பிடுங்க. இப்பவே. நான் நாளைக்கே ஸ்கூல விட்டு நின்னுக்கறேன்."

"ஏன்டி இப்படி உங்கம்மாவ அசிங்கப்படுத்தணும்னு நிக்கிற?" என்று நான் கத்தினேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என் அறையில் கண்ணாடி சிதறிக் கிடந்ததால் நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தர் புஷ்பவல்லி அக்காவின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து அன்றைய பதிவை எழுதினேன். புதன், காலை எட்டு. எந்தப் பாடத்துக்கும் முன்னால். எந்த ஆசிரியரும் இல்லை. பிறகு காரணம் என்ன? பின்னோக்கிப் புரட்டினேன். இன்று புதன். போன வாரம் வியாழன். அதற்கு முந்திய வாரம் வெள்ளி. அதற்கு முன் பதினெட்டு நாள் ஒன்றுமில்லை. அதற்கு முன் திங்கள். செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் முன்னால் வந்துகொண்டிருந்தது. விரல்விட்டு எண்ணினேன். ஆறு நாள், ஆறு நாள், ஆறு நாள். அந்தப் பதினெட்டு நாளிலும் நடுவில் வரவேண்டிய இரண்டு நாட்கள் ஞாயிறும் சனியும். எல்லாமே காலை எட்டரைக்குள்.

"அக்கா, எதுலயாவது ஆறு நாளைக்கு ஒரு தடவ ஏதாச்சும் வருமா?"

புஷ்பவல்லி அக்கா கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க வீட்டுல வருமே. அவரு போர்ட்டுல கண்டெய்னர் யார்ட்ல தான? நாலு நாள் வேல, ரெண்டு நாள் ஓய்வு. கடைசி நைட்டு முடிச்சுட்டு காலைல வந்தா அன்னிக்கு முழுக்க வீட்டுலதான். ஏன் கேக்கற?"

விஷ்ணுப்ரியாவின் கோப்பைத் திறந்தேன். தந்தை: திருச்செல்வம். தொழில்: கிரேன் ஓட்டுநர், போர்ட் கிள்ளான் துறைமுகம்.

அப்போது எல்லாம் ஒன்றாக என் தலையில் இறங்கியது. பத்திரங்கள் வைத்த கைப்பை. பெஞ்ச். நல்ல காற்று. குளியலறையில் வழுக்கி விழுந்தது. அந்தப் பெண் தன் தாயை அவமானப்படுத்தவில்லை. ஆறு நாளைக்கு ஒருமுறை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று ஆகப்போகிறது. நான் பாவி, அவளுக்கிருந்த அந்த ஒரே கதவையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

போன் செய்தேன். வெகுநேரம் மணி அடித்தது. ஓர் ஆண் குரல் எடுத்தது.

"ஹலோ, ஸ்கூல்லேர்ந்து பேசறோம். விஷ்ணுப்ரியா அம்மா உடனே வரணும்."

"அவ தூங்கறா டீச்சர்" என்றது அந்தக் குரல். பதமான, மரியாதையான குரல். லேசாக மூச்சு வாங்கியது. "எழுந்தா சொல்றேன்."

வைத்துவிட்டான்.

வேலாயுதம் சாரிடம் ஓடினேன். நான் சொல்லி முடிக்குமுன் அவர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். போலீசுக்கும் அவரே போன் செய்தார். விஷ்ணுப்ரியா பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். நான் அவளை இறங்கச் சொல்லவில்லை. பண்டமாரான் சாலையில் கண்டெய்னர் லோரிகள் வரிசையாக நின்றன. வேலாயுதம் சார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவள் பின்னாலிருந்து தட்டையான குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"காலைல வந்து குடிப்பாரு. ரெண்டு மணி வரைக்கும்தான். அப்புறம் தூங்கிருவாரு. அந்த நேரத்துக்கு மட்டும் அம்மா வீட்டுல இருக்கக் கூடாது. அன்னிக்கு எங்கயும் விட மாட்டாரு. சனி ஞாயிறுன்னா கோயிலுக்கு விடுவாரு. மத்த நாள்ல ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா மட்டும்தான். ஸ்கூல்னா கொஞ்சம் பயம்."

"ஏம்மா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?" வேலாயுதம் சார் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"போன வருஷம் அம்மா போலீஸ் ரிப்போர்ட் செஞ்சாங்க. மாமா, பெரியப்பா எல்லாரும் வந்து பேசி வாபஸ் வாங்க வச்சாங்க. அதுக்கு அடுத்த வாரம் அம்மாவுக்கு காது போச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "நீங்க கூப்பிட்டா போதும்னு இருந்தேன் டீச்சர்."

நாங்கள் போவதற்குள் போலீஸ் வண்டி வந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் சுத்தியலோடு வாசலில் நின்றார். வாசல் கிரில் கதவின் பூட்டை உடைத்தது அவர். திருச்செல்வம் காற்சட்டையும் தேய்த்த சட்டையும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரரிடம், குடும்ப விஷயம் என்று மலாய் மொழியில் அடக்கமாக விளக்கிக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து தூக்கிவந்தார்கள். பச்சை உடை. கைப்பையின் வார் தோளில் அப்படியே மாட்டியிருந்தது.

உஷாராணி பிழைத்துக்கொண்டார். தலையில் பதினான்கு தையல், இடது கை இரண்டு இடத்தில் முறிவு, மூன்று விலா எலும்பு. மூன்றாம் நாள் மருத்துவமனையில் பார்க்க விட்டார்கள். விஷ்ணுப்ரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ரயிலில் முழுக்கப் பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

அந்த அம்மாள் முந்திக்கொண்டார். வீங்கிய வாயால், என்னிடமே மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசினார்.

"போன வாரம் வியாழக்கிழமையே உடுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன் டீச்சர். போன் வரல. புதன்கிழமையும் ஏழு மணிக்கே உடுத்திட்டேன். எங்கடி கிளம்பறன்னு கேட்டாரு. ஸ்கூல்ல கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். சரி, கூப்பிடட்டும் பாப்போம்னு போன மேசமேல வச்சிட்டு எதிர்ல உக்காந்துட்டாரு. பத்து மணி வரைக்கும் ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு இருந்தோம்."

ஒரு கண் கட்டுக்குள் இருந்தது. திறந்திருந்த இன்னொரு கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"என் நம்பர் உங்ககிட்ட இல்லாம போச்சா டீச்சர்?"

"இருந்தது" என்றேன்.